குடித்த தண்ணீர் வயிற்றுக்குத்தான் போகிறது. டைஃபாய்டு கிருமி ரத்தத்துக்குள் எப்படி வருகிறது?

ஆதிச்சநல்லூரில் தாமிரபரணிக் கரையில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே எங்கோ கழிவு கலந்திருந்தால், டைஃபாய்டு தரும் சால்மொனெல்லாவும் கூடவே உள்ளே இறங்கலாம்.

அது குடலோடு நிற்பதில்லை. குடல் சுவரைத் தாண்டுகிறது. அங்கே காத்திருக்கும் வெள்ளணுக்கள் அதை விழுங்குகின்றன. கதை முடிந்ததா? இல்லை! பிடிபட்ட திருடன் காவலரின் ஜீப்பிலேயே ஊர் சுற்றுவதுபோல, வெள்ளணுவுக்குள் சாகாமல் பெருகி, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை வரை போய்விடுகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் அங்கிருந்து ரத்தத்தில் பெருமளவில் கலக்கும்போதுதான் உங்களுக்குக் காய்ச்சல். டாக்டர் ரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவது இதனால்தான்.

இந்தக் கிருமியிடம் மருந்து சில நேரம் தோற்பது ஏன்? 1972இல் கோழிக்கோட்டில் குளோராம்பெனிகால் என்ற மருந்துக்கு அடங்காத டைஃபாய்டு பரவியது. கிருமிகள் ஒன்றுக்கொன்று மரபணுத் துண்டுகளைக் கைமாற்றிக்கொள்ளும். அந்த மருந்தை முடக்கும் வித்தையும் அப்படித்தான் பரவியது. பின்னர் சிப்ரோஃப்ளாக்சசினும் இந்தியாவில் பெரும்பாலும் பயனற்றுப் போனது. இந்த முறை கிருமி, மருந்து தாக்கும் இடத்தையே மாற்றிக்கொண்டது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோனும் தோற்றது, அசித்ரோமைசின் கைகொடுத்தது.

வேலூர் உள்ளிட்ட இடங்களில் 2017 முதல் 2020 வரை குழந்தைகளைக் கண்காணித்தபோது, நகர்ப்புறங்களில் டைஃபாய்டு இன்னும் மிக அதிகம் என்று தெரிந்தது. ஆனால் தடுக்க வழி உண்டு: நம் ஹைதராபாத்தில் தயாராகும் டைஃபாய்டு இணைப்புத் தடுப்பூசியை (conjugate vaccine) ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம். மருந்துக்கு அடங்காத கிருமியையும் அது தடுக்கும்.