மழையில் நனைந்த மாடு ஏன் சாகிறது?



மார்கழி மழை வருமுன் மாடு, ஆடு வளர்க்கிற வீடுகளுக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும்.

2022 டிசம்பர் 9ஆம் திகதியை ஒட்டி, மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றபோது, வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஒரேயடியாகச் செத்து விழுந்தன. திருகோணமலை மாவட்டமும் தப்பவில்லை. ஏதோ புது நோய் வந்துவிட்டது என்று சனங்கள் பயந்தார்கள். இறைச்சி கொண்டு போவதையும் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். கடைசியில் கடுங்குளிர்தான் காரணம் என்று கால்நடை அதிகாரிகள் சொன்னார்கள்.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. நுவரெலியாவில் தை மாதம் புல்லிலே உறைபனி விழுகிறது. அங்கே மாடு சாவதில்லை. சூடான கரையோரத்து மாடு மட்டும் ஏன் சாகிறது?

புல்மோட்டைப் பக்கம் போயிருந்தபோது இதைத்தான் கேட்டோம். கொக்கிளாய்க் களப்போரமாக உள்ள ஊர் அது. மாடுகளைப் பட்டியாகத் திறந்த வெளியில் வளர்க்கிறார்கள். பெரும்போகத்தில் வயல் விதைத்திருப்பதால் மாடுகளைப் பற்றைக்காட்டுப் பக்கம் ஓட்டிவிடுவார்கள். புயல் வந்தால் ஒதுங்க ஒரு கூரை கிடையாது. அந்தப் புயலில் கன்றுகளைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவர் எங்களிடம், "மழையால சாகல்ல மகன். வெறும் வயித்தோட நனைஞ்சுதான் செத்திச்சு" என்றார். அவர் சொன்னதில் முழு விளக்கமும் இருக்கிறது.

மாட்டின் வயிறு ஓர் அடுப்பு மாதிரி. புல்லும் வைக்கோலும் அங்கே புளித்துச் செரிக்கும்போது சூடு பிறக்கிறது. மாட்டின் உடற்சூடு ஏறக்குறைய 38.5 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டை வெளியே போகவிடாமல் காப்பது காய்ந்த உரோமம். உரோமம் நனைந்து, அதன்மேல் காற்றும் அடித்தால் சூடு இறங்கிக்கொண்டே போகும். மழையில் மேய முடியாமல் வயிறும் காலியானால் அடுப்பே அணைந்த மாதிரிதான். மெலிந்தது, கிழடு, கன்று இவைதான் முதலில் விழும். இளங்கன்றுக்குப் புல் செரிக்கும் வயிறு இன்னும் வேலை செய்யத் தொடங்குவதில்லை. அதனால் அதற்குப் பாலும் காய்ந்த படுக்கையும்தான் துணை.

நுவரெலியா மாடு தப்புவதற்குக் காரணமும் இதுதான். குளிர்நாட்டு இனம் என்பதோடு, கொட்டிலில் நிற்கிறது, தீனியும் கிடைக்கிறது. அந்தக் கூரை ஒழுகினால் நம்ம மாட்டுக்கும் அதே கதிதான்.

ஆகவே இதைச் செய்யுங்கள்:

1. கூரை ஓட்டையை இப்போதே அடையுங்கள். தரையைச் சரிவாக்கி மூத்திரமும் தண்ணீரும் ஓடக் கான் வெட்டுங்கள். ஈரத்தில் படுத்தால் மடி நோயும் குளம்பு அழுகலும் வரும்.

2. காற்றடிக்கும் பக்கம் சாக்குத் தொங்கவிடுங்கள். மேலே கொஞ்சம் திறப்பு விடுங்கள். முழுக்க மூடினால் மூத்திர நெடியால் நெஞ்சுச் சளி பிடிக்கும்.

3. மழை பெய்யுமுன்னே குவாத்தமாலா புல் அறுத்து வையுங்கள். இரவுக்கு வயிறு நிறையப் போடுங்கள்.

4. கன்று பிறந்தவுடன் துடைத்துக் காயவைத்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள்.

5. ஆட்டுக்குப் பலகை இடைவெளி விட்டுப் பரண் கட்டுங்கள். கோழிக்கூட்டில் நனைந்த மரத்தூளை அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

காது, கால் சில்லிட்டு, நடுங்கிய மாடு நடுக்கம் நின்று படுத்துவிட்டால், குளிர் விட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அது ஆபத்து. சாக்கால் நன்றாகத் தேய்த்துத் துடைத்து, காற்றில்லாத இடத்தில் வைக்கோல் மேல் கிடத்தி, மிருக வைத்தியருக்குச் சொல்லி அனுப்புங்கள். சோர்ந்து கிடக்கும் மாட்டின் வாயில் கஞ்சியையோ மருந்தையோ ஊற்ற வேண்டாம். நெஞ்சுக்குள் இறங்கி அதுவே கொன்றுவிடும்.

2022இல் பால்மாவுக்குக் கடை வாசலில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அப்போது ஒரு மாடு நின்ற வீட்டில் பிள்ளைகளுக்குப் பால் இருந்தது. அந்த மாட்டுக்கு இரண்டு தகரமும் ஒரு கட்டுப் புல்லும் பெரிய செலவல்ல. இந்த ஞாயிறே கொட்டிலைப் பாருங்கள்.