டிஃப்ராக் ஓடும்போது மின்சாரம் போனால்

கோப்பு வளர வளர வன்தட்டில் துண்டு துண்டாகச் சிதறுகிறது. அத்துண்டுகளை ஒன்றுசேர்த்து அடுக்குவது டிஃப்ராக் மென்பொருளின் வேலை. மருத்துவமனைப் பதிவுகளும் கடைக் கணக்குகளும் உள்ள தரவுத்தளக் கோப்பையும், அது பயன்பாட்டில் இருக்கும்போதே, இப்படித்தான் நகர்த்துகிறது. அப்போது மின்சாரம் போனால் பதிவுகள் பிழைக்குமா என்பது சோதித்தே அறிய வேண்டிய விஷயம்.

1996-இல் வந்த விண்டோஸ் என்டி 4.0 முதல் கோப்பை நகர்த்தும் வழியை இயங்குதளமே தந்துவருகிறது. தரவு முதலில் புதிய இடத்தில் நகலெடுக்கப்படும். அதன்பின்தான் கோப்பின் இருப்பிடக் குறிப்பு மாறும். அந்த மாற்றத்தை விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்வதால், எந்த நொடியில் மின்சாரம் போனாலும் பழைய இடமோ புதிய இடமோ ஒன்று செல்லுபடியாகும். இவ்வழியை விட்டுவிட்டு வட்டில் நேரடியாக எழுதும் மென்பொருளைத் தரவுத்தளக் கணினியில் அனுமதிக்கவே கூடாது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் வட்டு உண்மை சொல்வதை நம்பி நிற்கிறது. பல வட்டுகள் தரவைத் தற்காலிக நினைவகமான கேச்சில் வாங்கிக்கொண்டு, எழுதி முடித்ததாகப் பதில் சொல்லிவிடும். பிறகு தமக்கு வசதியான வரிசையில் எழுதும். இருப்பிடக் குறிப்பு வட்டில் ஏறி, நகல் கேச்சிலேயே தங்கிய நேரத்தில் மின்சாரம் போனால், கோப்பு குப்பைத் தரவைச் சுட்டி நிற்கும். இது வெறும் ஊகமல்ல. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மின்தடைக்கு உள்ளாக்கிய 15 எஸ்எஸ்டி (ஃபிளாஷ் நினைவக) வட்டுகளில் 13 கோளாறு காட்டின.

டிஃப்ராக் ஓடும்போது வரும் மின்தடை, வழக்கமான மின்தடையைவிடக் கொடியது. எஸ்க்யூஎல் சர்வர் போன்ற தரவுத்தளங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் லாக் கோப்பில் எழுதுகின்றன. மின்சாரம் திரும்பியதும் அதைக் கொண்டு மீள்கின்றன. டிஃப்ராக் நகர்த்தும் பக்கமோ (தரவுத்தளக் கோப்பின் ஒரு பகுதி) பல மாதங்களாகத் தரவுத்தளம் தொடாத பக்கமாக இருக்கலாம். அது நகர்ந்தது தரவுத்தளத்துக்கே தெரியாது. லாக்கில் தடயமும் இராது. யாராவது அப்பக்கத்தைப் படிக்கும் நாளில்தான் செக்சம் (சரிபார்ப்பு எண்) பிழை தலைகாட்டும். அதற்குள் பழுது பேக்கப்புகளிலும் ஏறியிருக்கலாம்.

சோதனைக்கு, பயன்பாட்டில் உள்ள அதே வகை வட்டும் அதை இயக்கும் கன்ட்ரோலரும் கொண்ட தனிக் கணினி வேண்டும். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல்ஐஓசிம் கருவி தரவுத்தளத்தைப் போலவே எழுதிப் படித்துச் சரிபார்க்கும். உண்மையான தரவுத்தளத்தில் சோதித்தால், உறுதியான ஒவ்வொரு பரிவர்த்தனையின் எண்ணையும் வேறொரு கணினியில் குறித்துவைக்க வேண்டும். டிஃப்ராக் ஓடும்போது மின்கம்பியையே பிடுங்க வேண்டும். மெய்நிகர் கணினியை மட்டும் நிறுத்தினால் வட்டுக்கு மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், சோதனை பொய்யாகிவிடும். மீண்டும் இயக்கியதும் குறித்த எண்கள் எல்லாம் உள்ளனவா என்று பார்த்து, எஸ்க்யூஎல் சர்வரின் டிபிசிசி செக்டிபி கட்டளையால் முழுத் தரவுத்தளத்தையும் ஆராய வேண்டும். ஒருமுறை தப்பியது எதையும் நிரூபிக்காது. பலமுறை செய்ய வேண்டும். டிஃப்ராக் இல்லாமலும் அதே சோதனை அவசியம். அதிலும் பழுது வந்தால் குற்றம் வட்டினுடையதோ கன்ட்ரோலருடையதோ ஆகலாம்.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவு தற்செயலாக அழிவதையும் மாறுவதையும் தரவு மீறல் என்ற வரையறைக்குள் வைக்கிறது. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் கடமை தரவை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு உண்டு. ஆகவே, டிஃப்ராக் மென்பொருள் கோப்பை எந்த வழியில் நகர்த்துகிறது, மின்தடைச் சோதனை நடந்ததா என்று மென்பொருள் விற்பவரிடம் எழுத்தில் கேட்பது அந்த நிறுவனத்தின் பொறுப்பும் ஆகும். வாய்மொழி உறுதி பின்னாளில் உதவாது.

தரவுத்தளக் கோப்புக்குத் தொடக்கத்திலேயே போதிய அளவு ஒதுக்கினால் சிதறலே குறையும். எஸ்எஸ்டியில் டிஃப்ராக்கால் பெரும்பாலும் பயனில்லை. அவசியம் செய்தே ஆகவேண்டுமானால், முழு பேக்கப் எடுத்து, அது மீள்கிறதா என்று பார்த்து, தரவுத்தளத்தை மூடிவிட்டுச் செய்யலாம். யுபிஎஸ் வெறும் துணைதான்; மின்தேக்கியோ மின்கலமோ காக்கும் கேச் உள்ள வட்டும் கன்ட்ரோலருமே மெய்யான காப்பு. பழுது தெரிந்துவிட்டால், தரவை இழந்து சரிசெய்யும் கட்டளையை அவசரப்பட்டு ஓட்டக் கூடாது. பழுதான கோப்புகளை நகலெடுத்து வைத்துவிட்டு, பழுதில்லாத கடைசி பேக்கப்பையும் அதற்குப் பிந்தைய லாக் பேக்கப்புகளையும் வரிசையாக ஏற்ற வேண்டும்.