கட்டளைக்கல் யார் கையில்? ஏற்றுமதித் தராதரங்களும் வாவிக்கரை மீனவரும்

தமிழிலே 'கட்டளை' என்பது ஆணையைக் குறிக்கும். பொன்னின் மாற்றை உரைத்தறியும் கல்லும் கட்டளைக்கல் எனப்படும். வள்ளுவர் அக்கல்லை மனிதரை அளக்கும் உவமையாக்கினார். ஈழத்து அரசகரும மொழியில் பொருட்களின் தராதரத்துக்கும் இச்சொல்லே வழங்குகின்றது. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தராதரப் பணியகம், 1984இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாயிற்று. சொல்லைத் தேர்ந்தவர் அறிந்தோ அறியாமலோ ஓர் உண்மையைத் தொட்டுவிட்டார். உலகச் சந்தையில் அளவுகோல் ஆணையாகவும் தொழிற்படுகின்றது.

தராதரம் எழுதப்பட்டுவிட்டால் மட்டும் போதாது. பொருளைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் வேண்டும். அவ்வாய்வுகூடத்தின் முடிவை வாங்கும் நாடு ஏற்கவும் வேண்டும். ஏற்காவிடின் அதே பொருள் இறக்குமதித் துறைமுகத்தில் மீண்டும் பரிசோதிக்கப்படும். அச்செலவு படிப்படியாகக் கீழிறங்கி உற்பத்தியாளனின் தலையிலேயே விழும். இலங்கையில் ஆய்வுகூடங்களை அங்கீகரிப்பதற்கென ஒரு சபை சட்டபூர்வமாக அமைந்தது 2005இலேதான். 1976இல் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாட்டைக் கொழும்பில் நடத்திய நாடு இது என்பது மனங்கொள்ளத்தக்கது. இராணுவ அணிகளிலிருந்து விலகி நிற்கலாம். அளவுகோல்களின் அணியிலிருந்து விலகி நின்று ஏற்றுமதி செய்தல் அரிது. செல்வமும் நடுநிலைமையும் ஒருங்கே வாய்ந்த சுவிற்சர்லாந்தே இதற்குத் தப்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துடனான அதன் பரஸ்பர அங்கீகார உடன்படிக்கை புதுப்பிக்கப்படாமையால், 2021 மே 26 முதல் அந்நாட்டு மருத்துவ உபகரணங்கள் ஒன்றியச் சந்தையில் மூன்றாம் நாட்டுப் பண்டங்களாயின.

தராதரம் என்றாலே ஏகாதிபத்தியச் சூழ்ச்சி என்று கூறிவிடுவாரும் உளர். அது எமது கருத்தன்று. எமது கறுவாவையும் மலிவான கசியா வகையையும் வேறுபடுத்தும் சர்வதேசத் தராதரங்கள் இலங்கைக்குப் பயனுடையவையே. 2022இல் 'சிலோன் சினமன்' என்னும் பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பைப் பெற்றது. ஆயினும் அமெரிக்காவிலே கசியாவும் 'சினமன்' என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றது.

மீன்பிடித்துறையில் இம்முரண்பாடு இன்னும் கூர்மையாகத் தெரிகின்றது. ஆரையம்பதி, மேற்கே மட்டக்களப்பு வாவிக்கும் கிழக்கே வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பிலுள்ள ஊர். அங்கே தோணியேறி வாவியில் வலை வீசுபவனுக்கும், வாரக்கணக்கில் ஆழ்கடலிற் சூரை பிடிக்கும் கலத்தின் உரிமையாளனுக்கும் 'மீன்பிடித்துறை' என்ற பெயர் மட்டுமே பொது. சட்டவிரோத மீன்பிடிக்கு எதிரான ஐரோப்பிய ஒழுங்குவிதி 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இலங்கைக்கு 2012 நவம்பரில் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 2015 ஜனவரியில் இலங்கைக் கலங்கள் பிடித்த மீனுக்குத் தடை வந்தது. 2016 ஜூனிலேயே அது நீங்கியது. ஆழ்கடற் கலங்களைக் கண்காணிக்கத் தவறியமை, மீறுவோர்க்குத் தக்க தண்டனை இன்மை என்பனவே குற்றச்சாட்டுகள். அவை பொய்யல்ல. செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் கலங்களில் ஏறியதும் சட்டம் இறுகியதும் இவ்வழுத்தத்தின் பின்னரே.

இங்கு நாம் அவதானிக்க வேண்டியது ஒன்றுண்டு. அளக்கப்பட்டது மீனின் தரமன்று, அரசின் நடத்தை. ஆனால் தடைக்குள்ளானது மீன். தவறு கலவுரிமையாளரதும் அரசினதும். அத்தவறு நிகழ்ந்த கடலைக் கண்டிராத சிறு மீனவனுக்கும் நாட்டின் பெயரால் அதே முத்திரை. வர்க்க வேறுபாட்டைக் காணாத அளவுகோலின் இயல்பு இது.

சிறு படகுகளை அவ்விதி அறவே மறந்ததுமன்று. ஒவ்வொரு பொதிக்கும் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும் என்று விதித்தபோது, அவற்றுக்கென எளிதாக்கப்பட்ட படிவம் ஒன்றையும் அது வகுத்தது. அதனை உறுதிப்படுத்தக் கோருபவர் ஏற்றுமதியாளர், உறுதிப்படுத்துவது அரசு. வலை வீசியவன் அவ்விருவருக்கும் அப்பால், கரையிலே நிற்கின்றான்.