ஸஜ்தாவில் சுற்றும் தலை: காது நோயும் சர்க்கரையும் ஒரே உடலில் சேரும்போது

எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர் இருக்கிறார். சிவகாசியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சு மெஷின் ஓட்டியவர். சுப்ஹு தொழுகைக்கு முதல் ஸஃப்பில், இமாமுக்கு நேர் பின்னால் நிற்பவர். ஒரு நாள் கடைசி ஸஃப்புக்குப் போனார். பிறகு வராமலே நின்றுவிட்டார். வீட்டுக்குப் போய் விசாரித்தோம். ஏதேதோ சொல்லி மழுப்பிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஹஜ்ரத், ஸஜ்தாவுக்குப் போனா பள்ளிவாசலே சுத்துது. எந்திரிக்கும்போது பக்கத்துல நிக்கிறவர் மேல சாஞ்சிடுறேன். என்னமோ குடிச்சிட்டு வந்தவன் மாதிரி இருக்கு. வெக்கமா இருக்கு."

அவருக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. பத்து வருடமாகப் பிரஷர். தலை சுற்றுகிறது என்றதும் வீட்டில் பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். மருந்துக் கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினார். பிரஷர் கூடிவிட்டது என்று யாரோ சொல்ல, பிரஷர் மாத்திரையைத் தானாகவே இரண்டாக்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஒளூ செய்யும் ஹவுள் ஓரத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட மருத்துவர் "எப்படி விழுந்தீர்கள்?" என்று கேட்டதால் காது மருத்துவரிடம் போக நேர்ந்தது. கோளாறு காதின் உள்ளே இருந்தது.

காதுக்கும் தலைசுற்றலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர்களே அப்படித்தான் இருந்தார்கள். கடுமையான தலைசுற்றல் என்றால் மூளைக் கோளாறு என்றே முடிவு கட்டினார்கள். 1861-இல் பாரிஸில் புரோஸ்பர் மெனியே என்ற மருத்துவர்தான், காது இரைச்சலும் கேட்புக் குறைவும் சுற்றலும் சேர்ந்து வருகிறதென்றால் நோய் உள் காதில் இருக்கிறது என்று எழுதினார். அவர் பெயரால்தான் இன்றும் அந்த நோய் அழைக்கப்படுகிறது. பிறகு வியன்னாவில் ராபர்ட் பாரனி. நோயாளியின் காதைக் குளிர்ந்த நீரால் கழுவினால் தலை சுற்றுகிறது, வெந்நீரால் கழுவினால் கண்கள் எதிர்த் திசையில் துடிக்கின்றன என்பதைக் கவனித்து, உள் காதைச் சோதிக்கும் முறையையே உண்டாக்கினார். 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு என்ற செய்தி வந்தபோது அவர் ரஷ்யர்களின் போர்க் கைதி முகாமில் இருந்தார்.

உள் காதில் கேட்பதற்கான நத்தை வடிவ உறுப்பு ஒன்று. அதை ஒட்டி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவற்றுக்குள் இருக்கும் நீர் அசைந்து மூளைக்குச் சேதி சொல்லும். பக்கத்தில் இன்னொரு பையில், கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் பசை போன்ற படலத்தின் மேல் ஒட்டியிருக்கும். நேராக நிற்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்று அவை உணர்த்தும். வயதாலோ தலையில் பட்ட அடியாலோ அந்தத் துகள்கள் கழன்று அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் மூளைக்குப் பொய்ச் சேதி போகும். படுக்கையில் புரளும்போது, அலமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்க்கும்போது, குனியும்போது, ஸஜ்தாவில் தலையை வைக்கும்போது உலகம் சுழலும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். பெரியவருக்கு இருந்தது இதுதான்.

இதற்கு மாத்திரை தேவையில்லை என்றால் பலர் நம்புவதில்லை. அமெரிக்காவின் ஜான் எப்ளி என்ற மருத்துவர், தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்தே துகள்களைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடலாம் என்று 1980-இல் சொன்னபோது சக மருத்துவர்களே நகைத்தார்கள். 1992-இல்தான் அவருடைய கட்டுரை முறையாக வெளிவந்தது. இன்று உலகெங்கும் அதுவே முதல் சிகிச்சை. சில நிமிட வேலை. ஓரிரு முறையில் பெரும்பாலோருக்குக் குணம் தெரியும். ஆனால் வீடியோ பார்த்து வீட்டில் செய்யக் கூடாது. எந்தக் காது, எந்தக் குழாய் என்று மருத்துவர் கண்ணின் துடிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு முறையை மாற்றியும் செய்வார்கள்.

மெனியே நோய் வேறு. அதில் உள் காதின் நீர் அளவுக்கு மீறித் தேங்குகிறது. காது அடைத்தாற்போல் ஆகும், உள்ளே ரீங்காரம் கேட்கும், கேட்கும் திறன் ஏறி இறங்கும். சுற்றல் தொடங்கினால் இருபது நிமிடத்திலிருந்து பல மணி நேரம் வரை நீடிக்கும். வாந்தி ஆளை வாட்டிவிடும். காது அடைப்பு என்றதும் குறும்பி என்று நினைத்துப் பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவருக்கு ஏன் இரட்டிப்புச் சுமை?

மனிதன் விழாமல் நிற்பதற்கு மூன்று துணைகள் உண்டு: கண், உள் காது, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு. ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். நாள்பட்ட சர்க்கரை கண்ணின் விழித்திரையைக் கெடுக்கிறது. பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. உள் காதுக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களையும் அது விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களுக்குச் சமநிலைக் கோளாறு இருக்கும் வாய்ப்பு 70 சதவீதம் கூடுதல் என்று கண்டார்கள். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் பெரியவருக்குக் காது மருத்துவர் துகளைச் சரிசெய்த பிறகும் தள்ளாட்டம் முழுவதும் போகவில்லை. பாதம் மரத்திருந்தது. இரவில் விளக்கை அணைத்துவிட்டால் கண்ணும் உதவாது. காது மருத்துவர் காதைப் பார்ப்பார், சர்க்கரை மருத்துவர் சர்க்கரையைப் பார்ப்பார். இரண்டையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

எந்தத் தலைசுற்றல் எதனால் என்று ஓரளவு வீட்டிலேயே கவனிக்கலாம். படுக்கையில் புரளும்போது சுற்றினால் காதைச் சந்தேகிக்கலாம். உட்கார்ந்திருந்து எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தால், பிரஷர் மாத்திரையால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். படுத்தும் நின்றும் இரண்டு முறை அளந்தால் தெரிந்துவிடும். வியர்வை, நடுக்கம், கடும் பசியோடு மயக்கம் வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள், அது தாழ்ந்திருக்கக்கூடும். பேச்சுக் குழறுதல், இரட்டையாகத் தெரிதல், கை கால் இழுத்தல், நிற்கவே முடியாமை ஆகியவற்றோடு திடீர்ச் சுற்றல் வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது இஞ்சிச் சாறு தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகிற இடங்களும் உண்டு. மெனியே நோய்க்கு நீர் பிரியும் மாத்திரை கொடுப்பார்கள். பிரஷருக்காக அதே வகை மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடுபவர் அதைச் சொல்லாவிட்டால் உடலின் உப்புச் சத்துகள் தாறுமாறாகும். சுற்றல் வந்த நாளில் இன்சுலினும் போட்டு, சாப்பிட்டதையெல்லாம் வாந்தியும் எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். ஆகவே அப்படிப்பட்ட நாளில் எந்த மருந்தை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் உள் காதையே அழித்துவிடக்கூடும். ஊசி போடும் இடத்தில், காது நோய் இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

சுற்றலை அடக்கும் மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புரோகுளோர்பெரசின், சின்னரிசின் ஆகியவை சில நாள் அவசரத்துக்கு மட்டுமே. மாதக்கணக்கில் தின்றால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வரும். பழுதான காதுக்கு ஈடுகட்ட மூளை தானே பழகிக்கொள்ளும். இம்மாத்திரைகள் அதையும் தாமதப்படுத்தும். மெனியே நோய்க்கு அதிகமாக எழுதித் தரப்படும் பீட்டாஹிஸ்டின் கூட, ஜெர்மனியில் நடந்து 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வெறும் மாத்திரையைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்னும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தலையைத் திருப்பாமல் பொம்மை போல உட்கார்ந்திருப்பதால் குணமாகாது. கண்ணையும் தலையையும் அசைத்துச் செய்யும் பயிற்சிகள் 1940-களிலேயே இங்கிலாந்தில் வகுக்கப்பட்டவை. காசு செலவில்லாத மருந்து அதுதான்.

ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள், கேட்காமல் போனால் அது அவசரம். 2024 ஜூன் மாதம் பாடகி அல்கா யாக்னிக் தமக்கு நேர்ந்ததாக வெளியே சொன்னது இந்த வகைக் கேட்பு நரம்பு இழப்பைத்தான். சில நாட்களுக்குள், தாமதித்தாலும் இரண்டு வாரத்துக்குள், ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்க வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும். அதற்குப் பயந்து சிகிச்சையையே தவிர்த்து விடுகிறார்கள். செவிப்பறை வழியாகக் காதுக்குள்ளேயே ஊசியாகச் செலுத்தும் வழி இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும்.

சாப்பாட்டில் மெனியே நோய்க்கும் பிரஷருக்கும் பொது எதிரி உப்பு. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது பெரும் சோதனை. சாத்தூர் காராச்சேவில் உப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் இனிப்பு, விருதுநகர் எண்ணெய் புரோட்டாவில் எண்ணெய். ஒவ்வொரு ஊரும் ஒரு நோயைப் பங்கு போட்டுக்கொண்டதுபோல் இருக்கிறது! ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் குறைத்தாலே பாதி வேலை முடியும்.

தொழுகையும் நோன்பும்

மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் எப்படித் தொழுவது என்று கேட்டபோது, நின்று தொழுமாறும், முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். புகாரியில் பதிவான இந்தச் செய்தியை எல்லோரும் அறிவோம். தமக்கு என்று வரும்போதுதான் மறந்துவிடுகிறோம். ஸஜ்தாவில் தலை சுற்றி விழுபவர் சைகையால் தொழலாம். ருகூவுக்குக் குனிவதைவிட ஸஜ்தாவுக்குச் சற்றுக் கூடுதலாகக் குனிந்தால் போதும். நிற்க முடிகிறது, ஸஜ்தா மட்டும் முடியவில்லை என்றால், ஷாஃபிஈ மத்ஹபில் நிற்க வேண்டிய இடத்தில் நின்றே ஆக வேண்டும். ஹனஃபி மத்ஹபில் உட்கார்ந்தே சைகையால் தொழுவது சிறந்தது. சிகிச்சைக்குப் பிறகு சுற்றல் நின்றுவிட்டால் நாற்காலியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வது நம் கடமை. ரமலானில் தானாக வரும் வாந்தியால் நோன்பு முறியாது. ஆனால் வாந்தியால் நீர்ச்சத்து வற்றி, சர்க்கரையும் இறங்கும் நிலையில் நோன்பை விடுவது சலுகை. பிறகு களா செய்யலாம். இனிக் குணமாகாது என்ற நிலையில் ஃபித்யா இருக்கிறது.

சத்தமும் சான்றிதழும்

பட்டாசு நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பக் கூடாது என்பது 1999 முதல் உள்ள விதி. அந்த அளவே காதுக்குக் கேடுதான். எங்கள் பகுதியில் ஆலை விபத்தில் தப்பியவர்களின் தீக்காயத்தைப் பார்க்கிறோம். வெடி அதிர்வில் செவிப்பறையும் உள் காதும் பழுதாகியிருக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை. அச்சக மெஷின்களுக்கு நடுவில் ஆயுளைக் கழித்தவர்களுக்கும் இது பொருந்தும். இரைச்சலால் வரும் கேட்புக் குறைவு சட்டப்படி தொழில் நோயாக இருக்கிறது என்பது தொழிலாளிகளிலேயே பலருக்குத் தெரியாது. (திருமண மண்டபத்திலும் மேடைகளிலும் நாம் வைக்கும் ஸ்பீக்கர்களுக்கு அடியில் அமர்ந்திருக்கும் முதியவர்களையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறோம். இதில் ஆலிம்களாகிய நாமும் குற்றவாளிகளே.)

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கேட்புக் குறைபாடு அதில் உண்டு. ஆனால் இரண்டு காதிலும் 60 டெசிபலாவது இழந்திருக்க வேண்டும். மெனியே நோய் பெரும்பாலும் ஒரு காதில்தான் தொடங்கும். சமநிலைக் கோளாறுக்குப் பட்டியலில் இடமே இல்லை. வெளியே பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார். அதனால்தான் "நடிக்கிறார்" என்ற பேச்சு வீட்டுக்குள்ளேயே எழுகிறது. நோயைவிட அதுதான் அவர்களை அதிகம் வருத்துகிறது.

செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை கொண்டுவரும் சகோதரியிடம் தலைசுற்றலையும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

பெரியவர் வீட்டில் இப்போது கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி, படுக்கையிலிருந்து அதுவரை இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கு. பைக் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார். அதில் மட்டும் இன்னும் கோபம். பள்ளிவாசலில் ஹவுள் ஓரத்தில் ஒரு கம்பி வைக்கும்படி ஜமாஅத் நிர்வாகத்திடம் சொன்னோம், வைத்துவிட்டார்கள். சுப்ஹுக்கு மீண்டும் வருகிறார். முதல் ஸஃப்பின் இடது ஓரத்தில், சுவரை ஒட்டி நிற்கிறார். ஸலாம் கொடுக்கும்போது கழுத்தைக் கொஞ்சம் நிதானமாகத் திருப்புகிறார்.