திரைப்படங்களில் மறுமலர்ச்சிக் காலக் கவுன்கள்

திரைப்படங்களில் மறுமலர்ச்சிக் காலக் கவுன்கள் என்பன, ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்துப் பெண்கள் அணிந்த நீண்ட அங்கிகளை முன்மாதிரியாகக் கொண்டு திரைப்படங்களுக்காக உருவாக்கப்படும் ஆடைகள் ஆகும். 15ஆம், 16ஆம் நூற்றாண்டு இத்தாலி, இங்கிலாந்து ஆகியவற்றைக் களமாகக் கொண்ட படங்களில் இவை மிகுதியாக இடம்பெறுகின்றன. இவை பழைய ஆடைகளின் நேரடிப் படிகள் அல்ல. கிடைக்கும் சான்றுகளோடு, படம் எடுக்கப்பட்ட காலத்தின் சுவையும் இவற்றில் கலந்துள்ளது.

ஆடையின் அமைப்பு

அக்காலக் கவுன் பல பகுதிகளைக் கொண்டது. உடலை ஒட்டி வெண்ணிற லினன் உள்ளாடையும், அதன் மேல் விறைப்பான மார்புப் பகுதியும் நீண்ட பாவாடையும் அணியப்பட்டன. கைப்பகுதிகள் பெரும்பாலும் தனியே தைக்கப்பட்டு, நாடாக்களால் தோளில் கட்டப்பட்டன. எனவே ஒரே கவுனுக்கு வெவ்வேறு கைப்பகுதிகளை மாற்றி அணிய முடிந்தது. அவற்றில் விடப்பட்ட பிளவுகளின் வழியே உள்ளாடைத் துணி புடைத்துத் தெரிந்தது. எசுப்பானியாவில் தோன்றிய வளையப் பாவாடை 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் பரவி, ஆடைக்குக் கூம்பு வடிவத்தைத் தந்தது.

சான்றுகள்

பட்டும் வெல்வெட்டும் விலை மிகுந்தவை. ஆதலால் பழைய ஆடைகள் பிரிக்கப்பட்டு மீண்டும் தைக்கப்பட்டன. இன்று எஞ்சியுள்ளவை மிகச் சிலவே. இதனால் வடிவமைப்பாளர்களுக்கு ஓவியங்களே முதன்மைச் சான்றாக உள்ளன.

புளோரன்சு நகர ஓவியர் புரொன்சினோ ஏறத்தாழ 1545இல் வரைந்த டொலேடோவின் எலியனோரா ஓவியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். எலியனோரா 1562இல் இறந்தார். அவருடன் புதைக்கப்பட்ட கவுனின் எச்சங்கள் அந்நகரின் பிட்டி அரண்மனையில் பாதுகாக்கப்படுகின்றன. ஓவியத்தில் உள்ள கவுனே அது என நெடுங்காலம் நம்பப்பட்டது. பின்னர் ஆய்வில் இரண்டும் வெவ்வேறானவை எனத் தெரியவந்தது. மேலும், ஓவியங்கள் பெரும்பாலும் செல்வர்களின் ஆடையை, அதுவும் முன்புறத்தை மட்டுமே காட்டுகின்றன.

திரைப்படங்களில்

1936இல் வெளிவந்த ரோமியோ அண்ட் ஜூலியட் படத்தின் ஆடைகளை ஆலிவர் மெசல், ஏட்ரியன் ஆகியோர் இத்தாலிய ஓவியங்களின் துணையுடன் வடிவமைத்தனர். 1939இல் வெளியான எலிசபெத் அரசி பற்றிய படத்தில், ஓரி-கெல்லி உருவாக்கிய பாவாடைகள் மிகப் பெரியவை என இயக்குநர் மைக்கேல் கர்ட்டிசு கருதினார். எனவே சோதனைப் படப்பிடிப்பில் சிறியவற்றையும், உண்மைப் படப்பிடிப்பில் பெரியவற்றையும் அணிந்ததாக நடிகை பெட் டேவிசு பின்னாளில் கூறினார்.

1968ஆம் ஆண்டின் ரோமியோ அண்ட் ஜூலியட் படத்திற்காக தனிலோ தொனாத்தி ஆஸ்கார் விருது பெற்றார். 1998இல் வெளியான ஷேக்ஸ்பியர் இன் லவ் படத்திற்காக சாண்டி பவல் அவ்விருதைப் பெற்றார். மாறாக, 2018இல் வெளியான மேரி குயின் ஆஃப் ஸ்காட்ஸ் படத்தில் அலெக்சாண்ட்ரா பைர்ன் பழைய வடிவங்களை டெனிம் துணியில் தைத்தார். வடிவம் பழையதாக இருக்க, துணி இக்காலத்தது என்பதை மறைக்க அவர் முயலவில்லை.

தமிழ்த் திரைப்படங்களில்

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அம்பிகாபதி (1937) படத்தின் காதல் காட்சிகளில் ரோமியோ ஜூலியட் கதையின் தாக்கம் காணப்படுகிறது. ஆயினும் அதன் களம் சோழ நாடாகும்.

சோழர் காலத்தைக் காட்டும் தமிழ்ப் படங்களும் இதையொத்த சிக்கலைச் சந்திக்கின்றன. பொன்னியின் செல்வன் (2022, 2023) படங்களின் ஆடைகளை ஏகா லகானி வடிவமைத்தார். சோழர் கால ஆடைகளுக்குச் சிற்பங்களும் செப்புத் திருமேனிகளுமே முதன்மைச் சான்றுகள். அவை மடிப்பையும் அணிகலனையும் காட்டுகின்றன. துணியின் நிறத்தைக் காட்டுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்கள் இக்குறையை ஓரளவு நீக்குகின்றன. எஞ்சிய இடங்களை வடிவமைப்பாளரின் கற்பனையே நிரப்புகிறது. எனவே திரையில் காணும் ஆடையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளாமல், சான்றுகளுக்கு ஒருவர் அளித்த விளக்கமாகக் கொள்வதே பொருந்தும்.