இடையில் நிற்கும் பிரதி

ஓர் இணையதளத்தின் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே திறந்து, அவற்றிலுள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு மேலும் மேலும் சென்று, கண்டதையெல்லாம் சேகரித்து வைக்கும் கிராலர் என்னும் புரோகிராமை இயக்குபவர்கள், எத்தனை பக்கம் வந்தது என்று எண்ணிப் பார்ப்பதில் காட்டும் சிரத்தையை, வந்த பக்கம் எந்த யந்திரத்திலிருந்து வந்தது, எப்போதைய பக்கம் என்று விசாரிப்பதில் சாமானியமாகக் காட்டுவதில்லை. தளத்தை நடத்தும் சர்வருக்கும் கிராலருக்கும் நடுவே பிராக்ஸி என்னும் மூன்றாவது யந்திரம் ஒன்று நிற்கக்கூடும்; அது தன்னிடமுள்ள பழைய பிரதியையே எடுத்துக் கொடுத்துவிடக்கூடும்; சேகரித்தவர் அதை இன்றைய நிலவரம் என்று நம்பிவிடக்கூடும்.

பிராக்ஸி வேகத்துக்காகப் பிறந்ததன்று. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றிய வலை, 1990களின் தொடக்கத்தில் பல ஸ்தாபனங்களுக்குள் பரவியபோது, அந்த ஸ்தாபனங்கள் பாதுகாப்பை உத்தேசித்துத் தம் கணினிகளை ஃபயர்வால் என்னும் அரணுக்குள் வைத்திருந்தன. உள்ளிருப்பவர்களுக்காக வெளியே சென்று வர ஒரு பிரதிநிதி வேண்டும் என்ற அவசியத்தில் எழுந்த ஏற்பாடே அது. 1994-ல் ஆரி லுவோடோனென், கெவின் ஆல்டிஸ் என்ற இருவர் அதை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லோருக்குமாகப் போய் வருகிறவன் ஒருவருக்குக் கொண்டுவந்ததில் ஒரு பிரதியைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டால், அடுத்தவர் கேட்கும்போது மறுபடி அலைய வேண்டியதில்லை அல்லவா? இணைப்புகள் மெலிந்தும் விலை மிகுந்தும் இருந்த அக்காலத்தில் இது பெரிய சௌகரியம். இவ்வகையில் இன்றளவும் வழக்கிலுள்ள ஸ்க்விட் என்னும் மென்பொருள் 1996-ல் வெளிவந்தது.

வக்கீல் குமாஸ்தா ஒருவர், கட்சிக்காரர் கேட்ட வில்லங்கச் சான்றைப் பதிவு அலுவலகத்தில் புதிதாக வாங்காமல், போன மாதம் வேறொருவருக்காக வாங்கிய நகலைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால், இடையில் அந்த நிலம் கைமாறாத வரையில் எந்தத் தீங்கும் இல்லை. கைமாறியிருந்தால் அந்த நகலை நம்பிப் பணம் கொடுத்தவன் கதி என்ன? பிராக்ஸி தன் பிரதிகளை வைத்திருக்கும் கேஷ் என்னும் சேமிப்பிலும் சிக்கல் இதுவேதான்.

ஆகவே எந்தப் பிரதி எத்தனை காலம் செல்லும் என்பதற்கு நியதிகள் வகுக்கப்பட்டன. வலையில் பக்கங்களைக் கேட்டு வாங்கும் முறையை வகுக்கும் எச்.டி.டி.பி. நெறிமுறையின் 1997-ல் வெளிவந்த 1.1 பதிப்பு, ‘கேஷ்-கன்ட்ரோல்’ என்ற தலைப்புவரியைச் சர்வரின் கையில் கொடுத்தது. அதில் ‘மேக்ஸ்-ஏஜ்’ 3600 என்றிருந்தால், பிரதி 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம், புதியதாகவே கருதப்படும். ‘நோ-ஸ்டோர்’ என்றால் சேமிக்கவே கூடாது. ‘நோ-கேஷ்’ என்றாலோ சேமிக்கலாம், ஆனால் மூல சர்வரிடம் கேட்டு உறுதி செய்யாமல் கொடுக்கக் கூடாது. பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் அநேகர். இவற்றில் எதையுமே சொல்லாத சர்வர்களும் ஏராளம். அப்போது கேஷ் தானே ஊகித்துக்கொள்ள அனுமதி உண்டு. பக்கம் கடைசியாக மாற்றப்பட்டு எத்தனை காலமாயிற்றோ அதில் பத்து சதவீதம் வரை அது செல்லும் என்பது அந்த ஊகத்தின் வழக்கமான அளவு. நூறு நாளாக மாறாத பக்கம் இன்னும் பத்து நாள் மாறாது என்று நம்புவதில் ஒரு நியாயம் இருக்கிறதென்றாலும், பத்து மாதம் மாறாதிருந்து பதினோராம் மாதத்தில் திடீரென்று திருத்தப்படும் கட்டண அட்டவணைக்கு இந்த நியாயம் தெரியாது.

‘வெகெட்’ என்ற பழைய, எளிய பதிவிறக்கப் புரோகிராமை எடுத்துக்கொள்வோம். 1996-ல் ஹிர்வோயே நிக்‌ஷிச் முதலில் வெளியிட்ட அது, ஒரு தளம் முழுவதையும் படிப்படியாக இறக்கவல்லது. பிராக்ஸியின் முகவரியைச் சூழல் மாறியில் குறித்துவிட்டால் அதன் வழியாகவே செல்லும். இடையிலுள்ள கேஷிலிருந்து வரும் பிரதியைச் சாதாரணமாக மறுப்பதில்லை. மறுக்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு விருப்பக்குறி கொடுக்க வேண்டும். அது கோரிக்கையுடன் சேர்ந்து, பிரதி வேண்டாம், மூலத்தைக் கொண்டுவா என்று பிராக்ஸிக்குச் சொல்லும். உடைந்த இணைப்புகளைச் சோதிப்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம். ‘பக்கம் இல்லை’ என்ற பதிலையும் கேஷ் சேமித்து வைக்கலாம் என்பதால், தளத்தைச் செப்பனிட்ட பிறகும் சோதனை பழைய குற்றச்சாட்டையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அதற்காக எல்லாப் பக்கத்தையும் மூலத்திலிருந்தே வாங்குவேன் என்று பிடிவாதம் செய்வது, தளத்தை நடத்துபவருக்கு வீண் பாரம். நடுவழி ஒன்று உண்டு. போன முறை வந்த தேதியையோ, ‘ஈடேக்’ என்னும் அடையாளக் குறியையோ காட்டி, இதன் பிறகு மாறியிருந்தால் மட்டும் அனுப்பு என்று கேட்கலாம். மாறாவிட்டால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் சொல்லும், பக்கத்தின் உடல் வராது. இன்னும் நுட்பமாக, கிராலரே தன் கோரிக்கையில் ‘மேக்ஸ்-ஏஜ்’ குறித்து, இத்தனை விநாடிக்கு மேற்பட்ட பிரதி எனக்கு ஆகாது என்று சொல்லிவிடலாம். செய்தித்தளத்தின் முகப்புக்கு ஐந்து நிமிஷம், பழைய ஆவணங்களுக்கு ஒரு வாரம் என்று பக்கத்துக்குப் பக்கம் பேதம் செய்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

சேமிப்புக்காக அன்றி, பிராக்ஸிகளை மாற்றி மாற்றித் தம் முகவரியை மறைத்துக்கொண்டு, தடுத்த தளத்துக்குள் மறுபடி நுழையும் வழக்கமும் பெருகியிருக்கிறது. கிராலர்கள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று தளங்கள் அறிவிக்கும் ‘ரோபோட்ஸ்’ கோப்பை மார்ட்டின் கோஸ்டர் 1994-லேயே முன்மொழிந்தார். 2022-ல் அது முறையான நியதியாயிற்று. அந்தக் கோப்பின் பிரதியைக்கூடச் சாதாரணமாக 24 மணி நேரத்துக்கு மேல் நம்பக் கூடாதென்று அந்நியதி சொல்கிறது. அளவு மீறிவிட்டாய் என்று 429 என்னும் பதில் வந்தால், பொறுத்திருப்பதை விட்டு வேறு பிராக்ஸியைத் தேடுவது சாமர்த்தியமாகத் தோன்றலாம். தளத்தின் நிர்வாகிக்கு அது அத்துமீறலே.

இதற்கிடையில் சங்கேதமாக்கப்பட்ட எச்.டி.டி.பி.எஸ். எங்கும் பரவிவிட்டதால், நடுவிலுள்ள பிராக்ஸி பெரும்பாலும் ஒரு சுரங்கவழியை மட்டும் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. உள்ளே செல்வதை அது படிக்கவும் முடியாது, சேமிக்கவும் முடியாது. ஆகவே பிரதியைப் பேணும் பொறுப்பு கிராலரிடமே வந்து சேர்ந்துவிட்டது. வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் ஆவணக் காப்பகங்கள் கையாளும் ‘வார்க்’ என்ற கோப்பு வடிவில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது: மறுமுறை சென்றபோது பக்கம் மாறாதிருந்தால், அதை மீண்டும் முழுதாக எழுதாமல், இன்ன தேதியில் வந்து பார்த்தோம், முன்பு சேமித்ததே இன்னும் இருக்கிறது என்று ஒரு சிறு பதிவை மட்டும் எழுதி வைக்கிறார்கள்.