வெட்டாத ஸ்டிக்கர் மிஷின்: குற்றவாளி யார்? புதுப்பேட்டை கடையில் ராத்திரி நடந்த விசாரணை

சென்னை:-

"போர்டு போச்சு. பதினெட்டாயிரம் ரெடி பண்ணு!"

மெக்கானிக் போனில் இப்படிச் சொன்னதும் கடைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் பள்ளிக்கூட வேன் ஒன்று நிற்கிறது. விடிந்தால் அதற்கு எப்.சி.! வண்டியில் ஒட்ட வேண்டிய எழுத்துகளை வெட்டும் மிஷினோ மக்கர் செய்கிறது.

பழைய கார் பார்ட்சுக்குப் பேர்போன புதுப்பேட்டையில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லாத ஒரு ஸ்டிக்கர் கடையில் நடந்த சம்பவம் இது. இதில் திருட்டு இல்லை, அடிதடி இல்லை. ஆனாலும் ஒரு குற்றவாளி உண்டு. அவனைக் கண்டுபிடித்த விதம், மிஷினை நம்பிப் பிழைக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

டிரைவர் கவலை

பைக் திருட்டுச் செய்தி ஒன்றுக்காக அந்தப் பக்கம் போயிருந்த நான், டீ குடிக்க ஒதுங்கினேன். அப்போது மணி ஏழரை இருக்கும். பக்கத்துக் கடையில் ஒரே சத்தம்.

"காலைல ஆறு மணிக்கு வண்டி எடுக்கணும்ணா. எப்.சி. ஆகலேன்னா புள்ளைங்கள ஏத்த முடியாது. யாரு பதில் சொல்றது?" என்று வேன் டிரைவர் கத்திக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பள்ளி வாகனங்களுக்கு 2012-ல் தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. பள்ளியின் பெயரும் போன் நம்பரும் வண்டியில் பளிச்சென்று தெரிய வேண்டும். பெயிண்ட் ஷாப்காரர் வண்டியைக் கொடுத்ததே அன்று சாயங்காலம்தான். மஞ்சள் பெயிண்ட் புதுசாக மின்னுகிறது. எழுத்து மட்டும் இல்லை.

கடையில் இருப்பது 2 அடி அகல வினைல் கட்டிங் மிஷின். ஸ்டிக்கர் ரோலை அது முன்னும் பின்னும் இழுக்கும். மேலே ஊசி மாதிரி சின்ன பிளேடு இடமும் வலமும் ஓடும். கம்ப்யூட்டரில் அடித்த எழுத்து ஸ்டிக்கரில் வெட்டாகி வரும்.

அன்றைக்கு வந்ததோ அலங்கோலம். ஒரு எழுத்து அடிப்பேப்பரோடு சேர்ந்து கிழிந்தது. அடுத்த எழுத்தில் பாதி வெட்டவே இல்லை. மூலைகள் எல்லாம் மழுங்கிப் பிய்ந்தன. மேலே உள்ள புள்ளிகள் உரிக்கும்போது கையோடு வந்துவிட்டன.

"பாருங்க சார், 'பளளி வாகனம்'னு இருக்கு. இத ஒட்டிக்கிட்டுப் போனா பிரேக் இன்ஸ்பெக்டர் சிரிப்பாரு" என்றார் டிரைவர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வளையல் அடகு

கடைக்காரருக்கு வயது 40-க்கு மேல் இருக்கும். பதினெட்டாயிரம் என்றால் அவருக்கு இரண்டு மாதக் கடை வாடகை.

"முன்ன மாதிரி நம்பர் பிளேட் வேலை இல்ல சார்" என்றார் அவர். 2019 ஏப்ரல் 1-ந் தேதி முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம் ஆகிவிட்டது. அதில் ஸ்டிக்கருக்கு வேலை இல்லை. சொந்த வண்டிகளில் 'பிரஸ்', 'போலீஸ்', 'அட்வகேட்' என்று ஒட்டிக்கொள்வதற்கும் 2024 மே மாதம் சென்னை போக்குவரத்து போலீசார் கிடுக்கிப்பிடி போட்டார்கள். கடைக் கண்ணாடி எழுத்து, பள்ளி வேன், சரக்கு ஆட்டோ, கல்யாண காருக்கு மாப்பிள்ளை-பெண் பெயர். இவைதான் இப்போது சோறு போடுகின்றன.

"வீட்டுக்காரி வளையல வெச்சுத்தான் போர்டு வாங்கணும்" என்று போனை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் டீக்கடை பெஞ்சில் இருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். 60 வயதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் லாரிக்கும் கடைக்கும் பிரஷ் பிடித்து போர்டு எழுதிய ஆர்ட்டிஸ்ட். கம்ப்யூட்டர் எழுத்து வந்ததும் பிரஷ்ஷை வைத்துவிட்டு மிஷினைக் கற்றுக்கொண்டவர்.

"தம்பி, மெக்கானிக் வந்து பாத்தாரா?"

"இல்லண்ணே. மிஷின் வெட்டலேன்னு போன்ல சொன்னேன். போர்டா இருக்கும்னாரு."

"வெட்டலேன்னு ஒரு வார்த்தை சொன்னா அவரு என்னதான் சொல்வாரு? போன கீழ வை. பேனா எங்க?"

பேனா சோதனை

எனக்குப் புரியவில்லை. வெட்டுகிற மிஷினுக்குப் பேனா எதற்கு?

மேஜை டிராயரில் இருந்து ஒரு பேனா வெளியே வந்தது. மிஷின் வாங்கியபோது கூடவே கொடுத்ததாம். இத்தனை நாள் தொடவே இல்லையாம். பிளேடு மாட்டும் இடத்தில் அதை மாட்டினார் பெரியவர். ஸ்டிக்கர் ரோலை எடுத்துவிட்டு வெள்ளைப் பேப்பரைப் போட்டார்.

இந்த மிஷினின் பூர்வீகமே பேனாதானாம். என்ஜினீயர்களின் வரைபடங்களைப் பேனா பிடித்து வரைந்த 'பிளாட்டர்' மிஷினின் வாரிசு இது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கெர்பர் கம்பெனி, வினைலில் எழுத்து வெட்டும் மிஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேனா இருந்த இடத்துக்கு பிளேடு வந்தது.

"ஆப்செட்ட சைபர் ஆக்கு" என்றார் பெரியவர்.

ஆப்செட் என்றால் என்ன? பிளேடின் முனை நடுமையத்தில் இருக்காது. கால் மில்லிமீட்டர், அதாவது 0.25 மி.மீ. தள்ளி இருக்கும். தள்ளுவண்டியின் முன்சக்கரம் போல, இழுத்த பக்கம் திரும்பிக்கொண்டு பின்னாலேயே வரும். அதற்காக மூலைகளில் மிஷின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிக்கொடுக்கிறது. பேனா முனை நடுவில் இருப்பதால் அந்தக் கணக்கு வேண்டாம்.

பட்டனைத் தட்டினார்கள். ஒரு சதுரம். ஒரு வட்டம். அடுத்து 'பள்ளி வாகனம்'. மூன்றும் அச்சுப் போட்ட மாதிரி வந்தன. மேலே குட்டிப் புள்ளிகூட முழு வட்டம்!

பெரியவர் பேப்பரைத் தூக்கிக் காட்டினார். "போர்டு போயிருந்தா பேனா மட்டும் ஒழுங்கா எழுதுமா?"

கம்ப்யூட்டர், கேபிள், போர்டு, மோட்டார், பெல்ட் ஆகிய ஐந்து பேரும் அந்த நிமிடமே விடுதலை! தப்பு பிளேடில் இருக்க வேண்டும், அல்லது பிளேடுக்கு அடியில் இருக்க வேண்டும்.

டிரைவர் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார்.

குற்றவாளி சிக்கியது

மிஷினை ஆப் செய்துவிட்டு பிளேடு குழாயைக் கழற்றினார்கள். உள்ளே கசகசவென்று பசை. அதில் ஒட்டிக்கொண்டு எள்ளளவு சிவப்பு ஸ்டிக்கர் துண்டு. பிளேடு தன்னைத் தானே சுற்றிக்கொள்ள முடியாமல் இறுகிக் கிடந்தது. மூலை வந்தால் திரும்ப முடியாது. அதனால்தான் மூலையெல்லாம் பிய்ந்தது. புள்ளி மாதிரி சின்ன வட்டம் முழுசாகச் சேராமல் போனதும் அதனால்தான்.

செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் முனையும் உடைந்திருந்தது.

"அழுத்தம் எவ்வளவு வெச்சிருக்க?"

"200-க்கு மேலண்ணே. முதல்ல 90 இருந்துச்சு. வெட்டு சரியா விழல, கொஞ்சம் ஏத்தினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம்..."

"அங்கதான் தப்பு."

சாதாரண ஸ்டிக்கர் ஷீட்டின் கனம் சுமார் 0.08 மி.மீ. ஒரு தலைமுடி கனம்தான். அதை வெட்ட 80 முதல் 120 கிராம் அழுத்தம் பெரும்பாலும் போதும். பிளேடு மழுங்கியதும் கடைக்காரர் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். பிளேடையும் வெளியே நீட்டிக்கொண்டே போனார். அது ஸ்டிக்கரைத் தாண்டி, அடிப்பேப்பரையும் தாண்டி, கீழே உள்ள வெள்ளைப் பட்டையில் இறங்கிவிட்டது.

பெரியவர் என் விரலைப் பிடித்து அந்தப் பட்டையில் தடவச் சொன்னார். வலது பக்கம் நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம்! மிஷின் எப்போதும் வலது பக்கத்தில்தான் வேலையைத் தொடங்கும். அதனால் அங்கே மட்டும் தேய்ந்துவிட்டது. பள்ளத்துக்கு மேலே ஸ்டிக்கர் வந்தால் அடியில் ஆதாரம் இல்லாமல் அமுங்கும். ஒரு இடத்தில் வெட்டாது, ஒரு இடத்தில் கிழியும்.

ஆக, மழுங்கிய பிளேடு முதல் குற்றவாளி. அழுத்தத்தை ஏற்றிய கை உடந்தை!

ஒன்பதரை மணிக்கு

டப்பாவில் ஒரு புது பிளேடு மிச்சம் இருந்தது. குழாயைத் துடைத்து அதை மாட்டினார்கள். பிளேடு வெளியே தெரிகிறதா இல்லையா என்கிற அளவுக்குத்தான் நீட்டினார் பெரியவர். குழாயைக் கையில் பிடித்து ஒரு துண்டு ஸ்டிக்கரில் கோடு இழுத்தார். ஸ்டிக்கர் வெட்டுப்பட்டது. அடிப்பேப்பரில் லேசான கீறல் மட்டும்.

"இதுதான் அளவு. பேப்பர் கிழிஞ்சா பிளேடு ஜாஸ்தி வெளிய இருக்குன்னு அர்த்தம்."

ஆப்செட்டைப் பழையபடி 0.25 ஆக்கி, அழுத்தத்தை 80-க்கு இறக்கினார்கள். சோதனை வெட்டு. பற்றவில்லை. 90, பிறகு 100. நூறில் சதுரம் சுத்தமாக உரிந்து வந்தது. 'பள்ளி' என்ற சொல்லில் புள்ளி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

பட்டைக்கு என்ன செய்வது? புதுப் பட்டை வாங்க அந்த நேரத்தில் கடை இல்லை. பெரியவர் ரோலை இடது பக்கமாகத் தள்ளிப் போட்டார். அங்கே பட்டை புதுசு போல இருந்தது. மேலே இருக்கும் ரப்பர் சக்கரங்களை, கீழே உள்ள சொரசொரப்பான உருளைகளுக்கு நேர் மேலே நகர்த்தி வைத்தார்.

ஒன்பதரை மணிக்கு வெட்டு முடிந்தது. பத்தரைக்கு வேனில் எழுத்து ஏறியது.

மற்ற கேஸ்கள்

எழுத்து ஒட்டி முடிந்ததும் பெரியவரிடம் பேசினேன். அவர் கூறியதாவது:-

"மிஷின் பாதியில நின்னுட்டா, சம்பந்தம் இல்லாம கோடு இழுத்தா, முதல்ல எர்த் பாருங்க. எர்த் பின் உடைஞ்ச பிளக்குல, பேன் ஓடுற அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகியிருப்பாங்க. யு.எஸ்.பி. கேபிளும் நீளமா இருக்கக்கூடாது.

நேத்து வேலை செஞ்சது இன்னிக்கு அசையவே இல்லேன்னா, கேபிள வேற ஓட்டையில மாத்திக் குத்தியிருக்கான்னு பாருங்க. ஓட்டை மாறினா கம்ப்யூட்டர்ல போர்ட் நம்பரும் மாறிடும்.

நீளமான எழுத்து போகப் போகச் சாய்ஞ்சா, ரோல் கோணலா ஏறியிருக்கு. இல்ல, ரப்பர் சக்கரம் ரெண்டும் ஒரே அழுத்தத்துல இல்ல. வெட்டுறதுக்கு முன்னாடி வேண்டிய நீளத்துக்கு ரோலைப் பிரிச்சுத் தளர விடணும். ரோல் கனமே பின்னால இழுக்கும்.

மூலை மழுங்கினா ஆப்செட் கம்மி. மூலையில காது மாதிரி நீட்டினா ஆப்செட் ஜாஸ்தி.

தமிழ் எழுத்துல கொம்பும் காலும் மேல மேல ஏறியிருந்தா, அது மிஷின் தப்பு இல்ல. கம்ப்யூட்டர்ல ரெண்டையும் 'வெல்டு' பண்ணி ஒண்ணாக்கணும். இல்லேன்னா எழுத்து நடுவுலேயே வெட்டு விழும்.

எதப் பார்த்தாலும் ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க. நாலையும் சேர்த்து மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது.

நான் போர்டு எழுதின காலத்துல, பிரஷ் முடி பிரிஞ்சு போச்சுன்னா அழுத்தி எழுதமாட்டோம். அழுத்தினா எழுத்து இன்னும் கெடும். பிரஷ்ஷத்தான் மாத்துவோம். மிஷினுக்கும் அதுதான்."

இவ்வாறு அவர் கூறினார்.

மறுநாள்

மறுநாள் மாலை அந்தக் கடைப் பக்கம் போனேன். மிஷினில் புது வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தது. டப்பாவில் ஐந்து புது பிளேடு. எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் செலவாம். பேனா இப்போது டிராயரில் இல்லை. மிஷினுக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்குகிறது.

மெக்கானிக்குக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். "அடுத்த தடவை 'வெட்டல'ன்னு மட்டும் சொல்லமாட்டேன். பேனா எழுதுதா இல்லையான்னு பாத்துட்டுத்தான் கூப்பிடுவேன்" என்றார் கடைக்காரர்.

வேன் டிரைவர் மத்தியானமே போனில் பேசினாராம். எப்.சி. முடிந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

"வளையல்?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காரி கையிலதான் இருக்கு" என்று சிரித்தார்.